பானெட்டுக்குப் பின்னால்

எங்கள் வீட்டில் குத்துவிளக்கும் காரும் ஒரே புளியில்தான் பளபளத்தன. வியாழக்கிழமை மாலையில் என் மனைவி விளக்குத் துலக்கப் புளி கரைத்து வைப்பாள். அவள் வேலை முடிந்ததும் மிச்சப் புளியை நான் எடுத்துக்கொள்வேன். சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, கார்புரேட்டரின் பித்தளைத் துண்டுகளையும் ரேடியேட்டர் மூடியையும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

"சாமி விளக்குப் பக்கத்துல அந்த எண்ணெய்ச் சாமானை வைக்காதீங்க" என்பாள்.

"ரெண்டும் பித்தளைதானே?"

"ரெண்டும் ஒண்ணா? நல்லாத்தான் பேசுறீங்க."

வண்டி அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது. எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அதே வண்டியை வைத்திருப்பவர்கள், குறை வண்டியில் இல்லை, உன் கையில்தான் என்று சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

நான் மெக்கானிக் இல்லை. கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் மேசை வேலை. நாள் முழுக்கக் கணினித் திரையில், எங்கோ கடலில் போய்க்கொண்டிருக்கும் பெட்டிகளைத் துரத்திக்கொண்டிருப்பவனுக்குக் கையால் தொட்டுத் திருக ஒரு பொருள் வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அதுகூட சப்பைக்கட்டுதான். ஊரில் ஒருவரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கவேண்டும் என்ற ஆசை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்சிலிங்கில் அடுக்குமாடி வீடு. கார் பார்க்கில் வண்டியைப் பிரித்து மேய விடமாட்டார்கள். பெரிய வேலைகளை வடக்கே ஒரு பட்டறையில் காசு கொடுத்துச் செய்துகொண்டேன். சின்ன வேலைகளெல்லாம் வீட்டில்தான். கழற்றியதைப் பசார் போகும் தள்ளுவண்டியில் போட்டு, மேலே செய்தித்தாளால் மூடி, லிப்டில் ஏற்றிக் கொண்டுவருவேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டே சிரிப்பார். "கெரெத்தா பெலும் சியாப்?" என்பார். வண்டி இன்னும் தயாராகவில்லையா என்று அர்த்தம். நாலு வருஷமும் அதே கேள்வி. நாலு வருஷமும் அதே பதில். "அடுத்த மாசம், கா." கா என்றால் அக்கா.

ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கதவுக் கைப்பிடிகள் இருந்தன. கட்டிலுக்கு அடியில் பம்பர். என் மனைவி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள் என்று சொல்வது பெரிய வார்த்தை. திட்டினாள், திட்டிக்கொண்டே மேசைமேல் பழைய துணியை விரித்துக் கொடுத்தாள். அவளுக்கு மூக்கு கூர்மை. அடுத்த வீட்டில் கடுகு கருகினால் இவள் எழுந்து போய் எங்கள் அடுப்பைப் பார்ப்பாள். "எண்ணெய் கசியுதுங்க" என்பாள். "ரப்பர் கருகுற வாடை வருது" என்பாள். ஒவ்வொரு தடவையும் நான் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தேன்.

"பழைய வண்டின்னா அப்படித்தான்."

அந்த வண்டியிலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பூஜை போடாமல் ஏறமாட்டேன் என்றாள். நாலு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அதில் உட்காரவில்லை. கார் பார்க்கில் நான் இன்ஜினை முடுக்கிப் பார்க்கும்போதுகூட, வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவாள்.

இங்கே அவளைப் பற்றி இன்னொன்றைச் சொல்லவேண்டும். அவள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் ஆரத்தி எடுப்பது அவள்தான். கல்யாணம், வளைகாப்பு, புது வீடு, பட்டாளத்திலிருந்து பையன் திரும்புவது, எதுவானாலும் "அத்தையைக் கூப்பிடு" என்பார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து அவள் கரைக்கும் சிவப்பு தண்ணீராகவும் இருக்காது, திட்டுத்திட்டாகவும் இருக்காது. மேலே வெற்றிலை வைத்து, கற்பூரம் ஏற்றி அவள் மூன்று சுற்று சுற்றும்போது ஒரு சொட்டு வெளியே சிந்தாது. அவள் வேலைக்குப் போகவில்லை, மேடையில் பேசியதில்லை, எதிலும் பரிசு வாங்கியதில்லை. அத்தனை பேர் முன்னால் அவள் நிமிர்ந்து நிற்கும் இடம் அது ஒன்றுதான். இதை நான் அப்போது யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன்.

அவளுடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. என் மச்சான் என் வண்டியை நாலு வருஷமாக "இரும்புக் குப்பை" என்று சொல்லி வந்தவர். அவர் மகளோ ஒருநாள் கார் பார்க்கில் வண்டியைப் பார்த்துவிட்டு, "மாமா, ஸோ ப்ரிட்டி லா! என் வெட்டிங்குக்கு இதுலதான் வருவேன்" என்று குதித்தாள். மச்சானின் முகம் போன போக்கை நான் ரசித்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் நாள் குறித்தது என் மனைவிதான். கல்யாணத்துக்கு முந்தைய மாதத்தில் நல்ல நாளாகப் பார்த்து, தேக்கா பக்கம் உள்ள ஒரு கோயிலில் வண்டிக்குப் பூஜை. அண்ணன், அண்ணி, கல்யாணப் பெண் எல்லாருக்கும் அவளே போன் செய்தாள். "அவர் வண்டி முடிஞ்சிருச்சு, வந்துருங்க" என்று அவள் சொன்னதை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். அவள் குரலில் பெருமை இருந்தது.

வண்டி முடியவில்லை. கார்புரேட்டரோடு ஒட்டிய சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு. பெட்ரோல் அதில் நிறைந்ததும், உள்ளே இருக்கும் ஊசி மேலேறி வழியை அடைக்கவேண்டும். என் வண்டியில் அந்த ஊசி தேய்ந்திருந்தது. சாவியைத் திருப்பிவிட்டு இன்ஜினை ஓட்டாமல் சும்மா விட்டால், பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், கிண்ணம் வழியும். எப்போதும் இல்லை, சில சமயம். புது ஊசிக்கு இங்கிலாந்துக்கு எழுதியிருந்தேன். வரவில்லை. நாளைத் தள்ளிவைக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மச்சான் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். பழைய ஊசியையே புளி போட்டுத் துலக்கி, உரசிப் பார்த்து, மறுபடி மாட்டினேன்.

பூஜையன்று காலை கார் பார்க்கில் அவள் நின்று முகர்ந்தாள். கையில் ஆரத்தித் தட்டும், ஒரு பையில் எலுமிச்சம்பழமும் மாலையும்.

"பெட்ரோல் வாடை வருதுங்க."

"பழைய வண்டின்னா அப்படித்தான்."

அவள் பூஜை ஆகாததால் வண்டியில் ஏறாமல் எம்ஆர்டி ரயிலில் போனாள். நான் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பஸ் ஓட்டுநர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வாடையை மறந்தே போனேன்.

கோயில் வாசலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. குருக்கள் பானெட்டின்மேல் சந்தனம் குங்குமம் வைத்தார், மாலை போட்டார், முன்னால் நின்று தீபம் காட்டினார், தேங்காய் உடைத்தார். நான் ஏறி உட்கார்ந்து நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கி முன்னால் நகர்த்தினேன். மச்சான் தன் போனில் படம் எடுத்தார். எங்களுக்குப் பின்னால் புத்தம்புது வண்டி ஒன்று காத்திருந்தது. குருக்கள் அதற்குப் போய்விட்டார்.

"மாப்பிள்ளை, இன்ஜினைத் திறங்க, பார்ப்போம்" என்றார் மச்சான்.

இதற்குத்தானே நாலு வருஷம். சாவியைத் திருப்பிய நிலையிலேயே விட்டுவிட்டு இறங்கி பானெட்டைத் தூக்கி நிறுத்தினேன். குனிந்து பார்த்தார். ஒவ்வொரு பித்தளைத் துண்டும் தகதகத்தது. "அடேயப்பா" என்றார் அந்த மனிதர். அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்க நான் என்னவெல்லாம் செய்திருப்பேன்! பிறகு குடும்பத்தோடு படம் எடுக்கலாம் என்று எல்லாரும் பின் கதவுப் பக்கம் போய் வரிசையாக நின்றார்கள். நடுவில் பானெட் ஒரு தட்டி போல நிமிர்ந்து நின்றது. அதற்கு முன்னால் நானும் என் மனைவியும் மட்டும்.

அவள் கற்பூரத்தை ஏற்றிவிட்டிருந்தாள். வண்டியின் முகத்துக்கு மூன்று சுற்று சுற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உள்ளேயும் காட்டிர்றேன். அதுதானே உசிருன்னு சொல்வீங்க" என்று தட்டோடு இன்ஜின்மேல் சாய்ந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. டிக் டிக். டிக் டிக். கிண்ணத்தின் விளிம்பில் பெட்ரோல் பளபளத்து, வழிந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

கத்த வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. அதற்குள் கை முந்திவிட்டது. அவள் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். தட்டு சாலைப் பக்கம் பறந்து விழுந்து சுழன்றது. சிவப்புத் தண்ணீர் அவள் புடவையிலும் தார்ச்சாலையிலும் தெறித்தது. கற்பூரம் அந்தத் தண்ணீரிலேயே விழுந்து அணைந்தது. ஓடிப்போய்ச் சாவியைத் திருகி எடுத்தேன். டிக் டிக் நின்றது.

அதற்குள் மச்சான் பின்பக்கமிருந்து வந்துவிட்டார். அண்ணியும் பெண்ணும் அவர் பின்னால். அவர்கள் பார்த்தது தட்டு பறந்ததை மட்டும்தான். அடித்த கையைப் பானெட் மறைத்துவிட்டது.

"என்னாச்சு?" என்றார் மச்சான்.

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. என் மனைவி தட்டை எடுக்கக் குனிந்தாள். மெதுவாகக் குனிந்தாள். முட்டி வலிக்கிறதோ என்று நினைத்தேன். நான் கரித்துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவேண்டியது நாலே வார்த்தைதான். அதைச் சொன்னால் நாலு வருஷமும் இரும்புக் குப்பை ஆகிவிடும். "அடேயப்பா" சொன்ன வாயில் இன்னும் ஈரம் காயவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அவள் தட்டோடு நிமிர்ந்தாள்.

"கை வழுக்கிருச்சுண்ணே" என்றாள்.

"அய்யோ, கல்யாணம் வெச்சிருக்கோமே" என்றார் அண்ணி. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். எல்லாருக்கும் கேட்டது.

சாயங்காலம் வீட்டில் அவள் புடவையை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் என் விரல்கள் பட்ட இடம் கன்றியிருந்தது. "பெட்ரோல்தானே?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அவள் எரிந்து போயிருக்கலாம். அந்த எண்ணம் அன்றைக்கு வந்தது, இப்போதும் வருகிறது. சாப்பிட உட்கார்ந்தால் வருகிறது. மன்னிப்புக் கேட்டேன். அடித்ததற்குக் கேட்டேன், கசிவை மறைத்ததற்குக் கேட்டேன். பேசாமல் நின்றதற்குக் கேட்கவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மச்சான் போன் செய்தார். கல்யாணத்துக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. வண்டி நல்லாத்தான் இருக்கு. உங்க வேலையைப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. ஆனா சகுனம்னு ஒண்ணு இருக்குல்ல, அவ அப்படிப் பண்ணிட்டா." என் வேலையைப் புகழ்ந்துவிட்டுத் தன் தங்கையைக் குறை சொன்னார். நான் "பரவாயில்ல மச்சான்" என்றேன். போனை வைத்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த வாரமே புது ஊசி வந்து சேர்ந்தது. மாட்டினேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டு கசியவில்லை.

கல்யாணம் ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். அன்று விடியும்போதே என் மனைவி எழுந்து ஆரத்தி கரைத்தாள். யாரும் அவளிடம் கரைக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. எப்போதும் அவள்தான், அதனால் கரைத்தாள். ஒரு பாட்டிலில் ஊற்றி மூடி, தட்டைத் துணியில் சுற்றி, எம்ஆர்டியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

தாலி கட்டி முடிந்து மணமக்களை வாசலில் நிறுத்தினார்கள். இவள் தட்டில் ஊற்றி, வெற்றிலை வைத்து, கற்பூரத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். அண்ணி குறுக்கே வந்தார். சிரித்த முகம்தான். தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

"நீ காலையிலேர்ந்து அலையுற. கொஞ்சம் உட்காரு. தங்கச்சி எடுக்கட்டும்."

தங்கச்சி என்றது அண்ணியின் சொந்தத் தங்கையை. அவர் பக்கத்தில் தயாராகவே நின்றிருந்தார். பேசி வைத்திருக்கிறார்கள். என் மனைவி ஒரு விநாடி தட்டை விடவில்லை. பிறகு விட்டாள். கற்பூரத்தையும் கொடுத்தாள். கையில் ஒன்றும் இல்லாமல் அத்தனை பேருக்கு நடுவே நின்றாள். அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைச் சரி செய்தாள், அது சரியாகத்தான் இருந்தது.

எனக்கு எங்காவது ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. ஓடவில்லை, மச்சானிடம் போனேன். சுற்றி ஆட்கள் இருந்தார்கள். சத்தமாகவே சொன்னேன்.

"மச்சான், அன்னைக்குத் தட்டைத் தட்டிவிட்டது நான்தான். அவ கை வழுக்கல. வண்டியில பெட்ரோல் கசிஞ்சுச்சு. எனக்கு முன்னாடியே தெரியும். அவ தீயோட கிட்ட வந்ததால நான் அடிச்சிட்டேன்."

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு அவர் முகம் இளகியது. என் தோளில் கையைப் போட்டார்.

"மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்றார். "அவ்வளவு பளபளன்னு இருந்த வண்டியா கசியும்? நான் குனிஞ்சு பார்த்தேனே. என் தங்கச்சி கொடுத்து வெச்சவ."

"இல்ல மச்சான், நிஜமாவே..."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாருங்க எல்லாரும். இத்தனை வருஷம் ஆகியும் இந்த அண்ணன் தன் பொண்டாட்டிய விட்டுக்கொடுக்குறாரா பாருங்க. பழியைத் தன் தலையில போட்டுக்கிறாரு." பக்கத்தில் நின்ற யாரோ கைதட்டினார்கள். மாப்பிள்ளைப் பையனிடம், "கத்துக்க லா" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு டம்ளர் பாதாம் பால் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். நான் மறுபடி சொல்ல வாயெடுத்தேன். மேளம் ஆரம்பித்துவிட்டது.

பாதாம் பாலோடு நின்றேன். வாசலில் அண்ணியின் தங்கை ஆரத்தி சுற்றினார். மூன்றாவது சுற்றில் கொஞ்சம் சிந்தியது. யாரும் கவனிக்கவில்லை.

திரும்பும்போது ஃபேரர் பார்க்கில் ரயில் ஏறி, தோபி காட் நிலையத்தில் மாறினோம். மார்சிலிங் வரைக்கும் உட்கார இடம் கிடைத்தது. கழுவிய தட்டு மறுபடி அவள் மடியில் இருந்தது. நான் மச்சானிடம் சொன்னதையும் அவர்கள் சிரித்ததையும் அவள் தூரத்திலிருந்து பார்த்திருந்தாள். யாரோ போய்ச் சொல்லியும் இருந்தார்கள். அவள் ஏதாவது பேசுவாள் என்று காத்திருந்தேன். ரயில் தரைக்கு மேலே வந்து, கண்ணாடியில் வெளிச்சம் அடித்தது.

"சொல்லிட்டேன்" என்றேன், தாங்கமாட்டாமல். "நம்பமாட்டேங்குறாங்க. நான் என்ன பண்றது?"

"கேள்விப்பட்டேன்."

"நாளைக்கு மச்சான் வீட்டுக்கே போய் இன்னொரு தடவை சொல்றேன்."

"வேணாம். இப்ப சொன்னா உங்களுக்குத்தான் பேர் கூடும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த சிவப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். அந்தத் தட்டில் அவள் எதையும் ஒட்டவிட்டு நான் பார்த்ததில்லை. வேறு யாரோ அவசரமாகக் கழுவியிருக்கவேண்டும்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றேன். "நீ அப்படிச் சொல்லுவேன்னு நான் எதிர்பார்க்கல. எனக்கு நேரமே இல்ல, நீ உடனே சொல்லிட்டே."

சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தட்டை எடுக்க நான் மெதுவாத்தாங்க குனிஞ்சேன்" என்றாள்.